கப்பல் ஏறும் மூலிகைக்கு மட்டும்தான் சோதனையா?

"நாட்டு மருந்துதானே, நல்லது செய்யாவிட்டாலும் கெட்டது செய்யாது." திருவொற்றியூர் தேரடிப் பக்கத்து நாட்டு மருந்துக் கடைகளில் இந்த வார்த்தையைக் கேட்காத நாள் இல்லை. கடைக்காரர் சொல்வார், வாங்க வந்தவர் சொல்வார், பக்கத்தில் நிற்பவர் கேட்காமலே சொல்வார். படித்தவர்கள் இதையே இன்னும் கெட்டியாகச் சொல்கிறார்கள். சித்த மருத்துவம் எத்தனையோ தலைமுறைகளின் அனுபவத்தில் விளைந்ததாம். அந்த அனுபவமே அதற்குச் சான்றாம். ஆய்வுக்கூடமும் மருத்துவப் பரிசோதனையும் மேல்நாட்டு அளவுகோல்களாம். அவற்றால் இதை அளக்க முடியாதாம். அளந்து காட்டச் சொல்பவர் மருந்துக் கம்பெனிகளுக்கு வக்காலத்து வாங்குபவராம். மேடைப் பேச்சிலும் வாட்ஸ்அப்பிலும் இது எதிர்க்கேள்வி இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

பட்டினத்தார் சமாதி கொண்ட ஊர் இது. சித்தர்கள் பெயரைச் சொன்னால் இங்கே மக்கள் மனம் இளகுவது இயல்பு. எனக்கும் அந்த மரியாதை உண்டு. அதனாலேயே இந்தக் கருத்தை மறுத்து எழுத வேண்டியிருக்கிறது. சோதனை வேண்டாம் என்பது சித்த மருத்துவத்துக்குச் செய்யும் தொண்டு என்று நினைக்கிறார்கள். அதைவிடப் பெரிய தீங்கை அதன் எதிரிகள்கூடச் செய்துவிட முடியாது.

கீழாநெல்லியை எடுத்துக்கொள்வோம். கடையில் நடக்கும் பேச்சு ஏறக்குறைய இப்படி இருக்கும்.

"அண்ணே, புள்ளைக்கு மஞ்சக்காமாலை. கண்ணெல்லாம் மஞ்சளா இருக்கு. கீழாநெல்லி இருந்தா குடுங்க."

"பொடி இருக்கும்மா. காலையில வெறும் வயித்துல மோர்ல கலந்து குடு. உப்பு சேக்காத. பத்து நாள்ல எறங்கிடும்."

இறங்கிவிடும்தான், பெரும்பாலும். குடிதண்ணீரில் சாக்கடை கலக்கும் இடங்களில் குழந்தைகளுக்கு வரும் காமாலையில் பெரும்பகுதி ஹெபடைடிஸ் ஏ வைரஸால் வருவது. அது அநேகமாக எல்லாக் குழந்தைகளுக்கும் சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடும். கீழாநெல்லி குடித்தாலும் தணியும், வெறும் மோர் குடித்தாலும் தணியும். ஆனால் அதே மஞ்சள் நிறம் பித்தநாளத்தில் கல் அடைத்தாலும் வரும், எலிக்காய்ச்சலிலும் வரும், அளவுக்கு மீறிப் பாரசிட்டமால் போட்டுக் கல்லீரல் கெட்டாலும் வரும். அவற்றுக்கு நாள் கடத்துவது உயிருக்கு ஆபத்து. குணமான பத்துப் பேர் கடைக்கு வந்து, "அண்ணே, உங்க பொடிதான் காப்பாத்துச்சு" என்கிறார்கள். குணமாகாதவரை ஆட்டோவில் ஏற்றி ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறார்கள். அந்தச் செய்தி கடைக்காரர் காதுக்கு வருவதில்லை. அவர் பொய் சொல்லவில்லை. தான் கண்டதைத்தான் சொல்கிறார். ஆனால் அவர் கண்ணில் படுவது ஒரு பாதி மட்டுமே. ஆயிரம் ஆண்டு அனுபவம் என்று நாம் பெருமைப்படுவதிலும் இந்தக் குறை இருக்கிறது: பிழைத்தவர்கள் சொன்னது சேர்ந்துகொண்டே போகும், மற்றவர்கள் கணக்கில் ஏறுவதில்லை.

இந்தக் குறையைத் தீர்க்க ஒரே வழி, மருந்து தந்தவர்களையும் தராதவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ணுவது. அதை மேல்நாட்டார் வந்து நமக்குச் செய்து காட்டவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனும் அவருடைய குழுவினரும் இதே கீழாநெல்லியை வைத்தே செய்தார்கள். ஹெபடைடிஸ் பி வைரஸை உடலில் நெடுநாளாகச் சுமந்தவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு பிரிவுக்கு வேர் நீக்கி உலர்த்திய செடிப்பொடி 200 மில்லிகிராம், நாளைக்கு மூன்று வேளை, 30 நாள். இன்னொரு பிரிவுக்கு மருந்தில்லாத வெற்றுக் காப்ஸ்யூல். முடிவில் மருந்து சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் அந்த வைரஸின் மேலுறைப் புரதம் காணப்படவில்லை. வெற்றுக் காப்ஸ்யூல் சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கே அப்படி ஆனது. 1988-இல் லான்செட் இதழ் இதை வெளியிட்டது. ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற பாரூக் பிளம்பர்க் அந்தக் கட்டுரையின் இணை ஆசிரியர்களில் ஒருவர். சென்னையிலிருந்து போன ஒரு பச்சிலைக்கு உலகமே காது கொடுத்த நேரம் அது.

அடுத்து நடந்ததை நம் மேடைகளில் யாரும் சொல்வதில்லை. தாய்லாந்திலும் நெதர்லாந்திலும் நியூசிலாந்திலும் இதே சோதனையைச் செய்து பார்த்தார்கள். அந்தப் பலன் கிடைக்கவில்லை. இன்றைய நிலையில் ஹெபடைடிஸ் பி-க்குக் கீழாநெல்லி மருந்து என்று சொல்ல உறுதியான சான்று இல்லை. இதைச் சொன்னால் கோபம் வருகிறது. கோபப்படுவதற்கு முன்னால் ஒன்று கேட்க வேண்டும்: ஏன் கிடைக்கவில்லை? அவர்கள் பயன்படுத்திய செடி இதே செடிதானா? எந்த மண்ணில் விளைந்தது, எந்தப் பருவத்தில் பறித்தது, எப்படி உலர்த்தியது? அன்று இங்கிருந்து எழுந்த பதிலும் இதுவே. நியாயமான பதில்தான். ஆனால் அந்த நியாயம் எங்கே கொண்டு விடுகிறது என்று பாருங்கள். செடியின் இனத்தை உறுதிசெய், அதிலுள்ள வேதிப்பொருளை அள, ஒவ்வொரு தொகுப்பையும் ஒரே தரத்தில் வை, பிறகு மறுபடி சோதி. அதாவது சோதனை போதவில்லை, இன்னும் வேண்டும் என்கிறது அது. சோதனையே வேண்டாம் என்பவர்களுக்கு இதில் பிடிமானம் எதுவும் இல்லை.

இனத்தை உறுதிசெய்வது சின்ன விஷயமல்ல. தென்னிந்தியாவில் 25 கடைகளில் கீழாநெல்லிச் சரக்கு வாங்கி ஆராய்ந்த ஓர் ஆய்வு 2010-இல் வெளிவந்தது. 76 சதவீதக் கடைகளில் கிடைத்தது சரியான கீழாநெல்லி. எதிர்பார்த்ததைவிட நல்ல சேதி, நம் வியாபாரிகளுக்குப் பெருமையும்கூட. மீதி 24 சதவீதக் கடைகளில் அதே குடும்பத்து வேறு ஐந்து இனங்கள் இருந்தன. காய்ந்து, நொறுங்கி, பொட்டலமான பிறகு எது எது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல எந்த வைத்தியராலும் முடியாது. அசோகப் பட்டை கேட்டால் நெட்டிலிங்கப் பட்டை வருவது மருந்துச் சரக்கு வியாபாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. பட்டையை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும். பார்ப்பதற்கு ஆள் வேண்டும், அவ்வளவே.

"சோதனை என்பதே நம் மரபில் இல்லை, அது வெள்ளைக்காரன் கொண்டுவந்தது" என்பவர்கள், உலோகத்தைப் புடமிட்டுப் பற்பம் முடிக்கும் ஒரு நல்ல வைத்தியரின் பக்கத்தில் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். புடம் ஆறியதும் அவர் முதலில் செய்வது மருந்தைச் சீசாவில் அடைப்பது இல்லை. ஒரு சிட்டிகை எடுத்துக் கட்டை விரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே தேய்ப்பார். விரல் ரேகைக்குள் அது படிய வேண்டும். தண்ணீரில் தூவுவார், மிதக்க வேண்டும். வெயிலில் காட்டுவார்; மினுமினுப்பு இருக்கக் கூடாது, இருந்தால் உலோகம் இன்னும் சாகவில்லை என்று பொருள். நாவில் வைத்தால் சுவை தெரியக் கூடாது. மீண்டும் உலையில் ஊதினால் பழைய உலோகமாகத் திரும்பக் கூடாது. ஒன்றில் தவறினாலும் மறுபடி அரைத்து மறுபடி புடம். துகளின் நுண்மை, வேதிமாற்றம் முழுமையாக நடந்ததா என்பது, மாறிய பொருளின் நிலைத்தன்மை: இவற்றைக் கையில் இருந்ததை வைத்து அவர்கள் சோதித்திருக்கிறார்கள். எக்ஸ்ரே கருவி இருந்திருந்தால் அதையும் பயன்படுத்தியிருப்பார்கள். சந்தேகப்பட்டுச் சரிபார்ப்பது அந்த மருத்துவத்தின் ரத்தத்திலேயே இருந்தது. அதை மறந்துவிட்டு, சந்தேகப்படுவதையே துரோகம் என்று பேசுவது பிற்காலத்தில் வந்த பழக்கம்.

இந்தப் பழக்கம் வந்ததற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. 1918-இல் சென்னை மாகாண அரசு டாக்டர் எம்.சி. கோமனை நாட்டு மருந்துகளைச் சோதித்துச் சொல்ல அமர்த்தியது. அவருடைய அறிக்கைகள் நாட்டு மருத்துவத்தைக் கடுமையாகக் குறை சொல்லின. வைத்தியர்கள் கொதித்தார்கள். எங்கள் நோய்க்கணிப்பு முறையையும் பத்தியத்தையும் பார்க்காமல் மருந்தை மட்டும் பிய்த்து எடுத்துச் சோதித்தால் அது சோதனையா என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டது நூற்றுக்கு நூறு சரி. 1921-இல் முகமது உஸ்மான் தலைமையில் குழு அமைந்தது. சித்த, ஆயுர்வேத, யுனானி வைத்தியர்களிடம் சாட்சியம் வாங்கி 1923-இல் அறிக்கை தந்தது. அதன் தொடர்ச்சியாகச் சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி வந்தது. தவறான சோதனைக்கு அன்றைய வைத்தியர்கள் கேட்ட பரிகாரம் நேர்மையான சோதனையும் முறையான கல்வியும். நூறு ஆண்டு கழித்து அவர்கள் பேரைச் சொல்லிக்கொண்டு சோதனையே கூடாது என்பது அவர்களை வாதத்தில் தோற்கடிப்பதாகும்.

"ஒவ்வொரு உடம்பும் வேறு. வாதம், பித்தம், கபம் பார்த்து ஆளுக்கு ஆள் மருந்து மாற்றுகிறோம். எல்லோருக்கும் ஒரே மாத்திரை தரும் சோதனை எங்களுக்கு எப்படிப் பொருந்தும்?" கேட்பதற்கு வலுவாக இருக்கும் வாதம் இது. இதற்குப் பதில் கோயம்புத்தூரில் கிடைத்தது. முடக்குவாதத்துக்கு அங்கே ஆயுர்வேத டிரஸ்ட் மருத்துவமனையில் அமெரிக்க ஆய்வாளர்களோடு சேர்ந்து ஒரு சோதனை நடத்தினார்கள். முடிவு 2011-இல் வெளிவந்தது. 43 நோயாளிகள், 36 வாரம், மூன்று பிரிவு: ஆயுர்வேதம் மட்டும், ஆங்கில மருந்தான மெத்தோட்ரெக்ஸேட் மட்டும், இரண்டும் சேர்த்து. வைத்தியர் தன் முறைப்படி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக மருந்தை மாற்றிக் கொடுத்தார். அந்த மருந்து அசலா, அதே வடிவிலான வெற்று மருந்தா என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. மூன்று பிரிவுகளிலும் ஏறக்குறைய ஒரே அளவு முன்னேற்றம் தெரிந்தது. 43 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. இதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் "செய்யவே முடியாது" என்ற பேச்சு அன்றோடு முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. 2017-இல் டெங்கு பரவிய நேரத்தில் நிலவேம்புக் குடிநீர் பற்றி, ஆய்வு முடியும்வரை தம்மைச் சேர்ந்தவர்கள் அதை வினியோகிக்க வேண்டாம் என்று கமல்ஹாசன் சொன்னார். அவர் மேல் போலீசில் புகார் கொடுத்தார்கள். டெங்குக் காய்ச்சலும் பெரும்பாலோருக்கு ஒரு வாரத்தில் தானே இறங்குவது. ஆகவே குடித்தவருக்குக் குணமானது என்பது மட்டும் சான்றாகாது. ஆய்வு வேண்டும் என்றதில் என்ன குற்றம்? பிறகு 2020-இல் டெல்லி ஆய்வாளர்கள் அதைச் செல் வளர்ப்பில் சோதித்தார்கள். சிக்குன்குனியா, டெங்கு வைரஸ்களுக்கு எதிராக அது செயல்படுவதற்கான அறிகுறிகள் கிடைத்தன. கொரோனா நேரத்தில் கபசுரக் குடிநீரைச் சென்னையில் அறிகுறியில்லாத 60 நோயாளிகளிடம், வைட்டமின் சி, துத்தநாக மாத்திரையோடு ஒப்பிட்டுச் சோதித்தார்கள்; வைரஸின் அளவு அதிகமாகக் குறைந்தது என்று 2021-இல் அறிவித்தார்கள். இரண்டும் முதல் படிகள் மட்டுமே. கண்ணாடிக் குப்பிச் செல்லில் நடப்பது மனித உடலில் நடக்க வேண்டும் என்றில்லை; 60 பேரில் தெரிந்தது 6,000 பேரில் நிற்க வேண்டும். ஆனாலும் சித்த மருத்துவத்துக்கு அறிவியல் உலகில் கொஞ்சமாவது இடம் வாங்கித் தந்தவை இந்த முதல் படிகளே. புகார் மனுக்கள் எதையும் வாங்கித் தரவில்லை.

இனி, கெட்டது செய்யாது என்ற நம்பிக்கை. கொரோனா காலத்தில் நோய் எதிர்ப்புச் சக்திக்கென்று சீந்தில் கொடியை வீடுவீடாகக் காய்ச்சிக் குடித்தார்கள். குடித்தவர்களில் 43 பேருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதை நாட்டின் 13 மருத்துவ மையங்களின் மருத்துவர்கள் சேர்ந்து 2022-இல் பதிவு செய்தார்கள். அது சீந்திலே அல்ல, அதைப்போன்ற வேறு கொடியாக இருக்கலாம் என்பது ஆயுஷ் தரப்பின் மறுமொழி. அப்படியே வைத்துக்கொள்வோம். கொடி மாறினால் கல்லீரல் கெடும் என்றால், கொடி மாறவில்லை என்று உறுதிசெய்யாமல் விற்பது எந்த நியாயத்தில் சேரும்?

உலோகத்தின் கதை இதைவிட வேதனையானது. 2004-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் கடைகளில் வாங்கிய 70 இந்திய மூலிகைத் தயாரிப்புகளில் 14-இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்ததாக ஓர் ஆய்வு சொன்னது. உலகச் சந்தையில் பேர் கெட்டது. உடனே இந்திய அரசு செயல்பட்டது. மூலிகை மட்டுமே சேர்ந்த ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்துகளை ஏற்றுமதி செய்ய வேண்டுமானால் 2006 ஜனவரி 1 முதல் கன உலோகச் சோதனை கட்டாயம். பத்து லட்சம் பங்கில் ஈயம் 10 பங்குக்கு மேல் கூடாது, ஆர்சனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3. நல்ல விதி. ஆனால் அந்தக் கட்டாயம் அன்று ஏற்றுமதிக்கு மட்டும் வந்தது. உள்ளூரில் விற்பதற்கு அதே நாளில் வரவில்லை. திருவொற்றியூர்க்காரனுக்கு இது சுருக்கென்று தைக்கும். எங்கள் ஊருக்கு ஒரு பக்கம் சென்னைத் துறைமுகம், மறுபக்கம் எண்ணூர்த் துறைமுகம். இந்தக் கடலில் கப்பலேறிப் போகும் டப்பாவுக்குள் ஈயம் எவ்வளவு என்று பார்த்துச் சான்று எழுத வேண்டும். அந்தக் கப்பல் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் வாழும் மீனவர் வீட்டுக் குழந்தை குடிக்கும் பொடிக்கு அந்தக் கவலை அவசரமாகப் படவில்லை. சோதனை வெள்ளைக்காரன் அளவுகோல் என்றால், வெள்ளைக்காரன் குடிப்பதற்கு மட்டும் ஏன் அளந்து அனுப்பினோம்?

வடசென்னைக்கு இந்தக் கேள்வி மற்ற ஊர்களைவிடக் கூடுதலாகவே உண்டு. எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து கிடப்பதை எல்லோரும் அறிவார்கள். நிலக்கரிச் சாம்பலில் ஆர்சனிக்கும் ஈயமும் பாதரசமும் இருக்கும். மூக்கிரட்டையும் கரிசலாங்கண்ணியும் தரிசிலும் கால்வாய்க் கரையிலும் முளைப்பவை. மண்ணில் இருப்பதைச் செடி வேர்வழி இழுத்துக்கொள்ளும், நல்லது கெட்டது பார்க்காது. பழைய நூல்கள் மூலிகையை எங்கே பறிக்க வேண்டும், எங்கே பறிக்கக் கூடாது என்று இடம் பார்த்துச் சொன்னவை. அந்த எச்சரிக்கையை இன்றைய மண்ணுக்குப் பொருத்திச் சொல்வதானால் ஆய்வுக்கூடம் இல்லாமல் முடியாது.

பற்பம், செந்தூரம் தயாரிக்கும் சித்த மருத்துவர்கள் அந்த அமெரிக்க ஆய்வை மறுத்துச் சொல்வது ஒன்று உண்டு: மொத்த உலோகத்தை மட்டும் எண்ணினால் போதுமா, அது எந்தச் சேர்மமாக இருக்கிறது என்று பார்க்க வேண்டாமா? கேட்க வேண்டிய கேள்வி. லிங்கம் என்ற தாதுவில் இருக்கும் பாதரச சல்பைடு வேறு, நரம்பைத் தாக்கும் மீத்தைல் பாதரசம் வேறு. ஆனால் தன் செந்தூரத்தில் இருப்பது எது என்று நிரூபிக்க வேண்டியவர் அதைச் செய்தவர். அந்த நிரூபணத்தின் பெயரும் சோதனையே.

சட்டமும் இங்கே தயங்குகிறது. அங்கீகரிக்கப்பட்ட பழைய நூலில் உள்ள செய்முறைப்படி, அதில் சொன்ன நோய்க்கே மருந்து செய்தால், 2010-இல் வந்த 158பி விதிப்படி பாதுகாப்பு ஆய்வும் கேட்பதில்லை, பலன் ஆய்வும் கேட்பதில்லை, நூலே சான்று. நாட்டு மருந்து தயாரிக்க உரிமம் வேண்டும். விற்க உரிமம் வேண்டும் என்று 1940-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லவில்லை. எம்.ஆர்.எஃப். தொழிற்சாலை இருக்கும் ஊர் இது. ஒரு டயரைத் திருப்பிப் பார்த்தால் அது எந்த ஆண்டு எந்த வாரம் தயாரானது என்ற எண் பக்கவாட்டில் பதிந்திருக்கும். அந்த எண் இல்லாத டயரை வாசலுக்கு வெளியே விடமாட்டேன் என்று நிற்கும் தொழிலாளி, ஷிப்ட் முடிந்து போகிற வழியில், பேட்ச் நம்பரும் தேதியும் இல்லாத செய்தித்தாள் பொட்டலத்தில் அம்மாவின் மூட்டு வலிக்குப் பொடி வாங்கிப் போகிறார். சில மூட்டு வலிப் பொடிகளில் யாருக்கும் தெரியாமல் ஸ்டீராய்டு கலப்பதும் உண்டு. முதல் வாரம் வலி பறந்துவிடும். சர்க்கரையும் எலும்புத் தேய்மானமும் பிறகு வரும். அப்போது அந்தப் பொடியின் மேல் யாருக்கும் சந்தேகம் வராது.

இவ்வளவும் சொன்னால் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு பெயர் வரும்: கோல்ட்ரிஃப். வரட்டும். 2025-இல் மத்தியப் பிரதேசத்தில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் உயிரைப் பறித்த இருமல் மருந்து அது. செய்தது நம் காஞ்சிபுரம் மாவட்டத்துச் சுங்குவார்சத்திரத்தில் இருந்த ஒரு கம்பெனி. அந்த மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு 48.6 சதவீதம் இருந்தது, 0.1 சதவீதத்துக்கு மேல் இருக்கவே கூடாது. சென்னையில் 1972-லேயே இதே நச்சுக்குக் குழந்தைகளைப் பறிகொடுத்திருக்கிறோம். இங்கிலீஷ் மருந்து எல்லாம் சோதித்துத்தான் வருகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற ஆங்கில மருத்துவர்களும் என் எதிர்ப்பக்கமே நிற்கிறார்கள். சட்டம் இருந்தது, விதி இருந்தது, யாரும் போய்ப் பார்க்கவில்லை. செய்தி வந்த பிறகு போய்ப் பார்த்த ஒரே சோதனையில் 300-க்கும் மேற்பட்ட குறைகளை எழுதினார்கள்.

ஆனால் கோல்ட்ரிஃப்பைக் காட்டி, "பார், சோதித்த மருந்தின் லட்சணம்" என்பவர்கள் நடந்ததைத் தலைகீழாகப் படிக்கிறார்கள். அந்த மருந்து சோதிக்கப்பட்டதால் கொல்லவில்லை, சோதிக்கப்படாததால் கொன்றது. புட்டியில் பேட்ச் நம்பர் இருந்ததால் எஸ்.ஆர். 13 என்று அடையாளம் கண்டார்கள். தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை மாதிரி எடுத்து, ஏறக்குறைய ஒரு நாளில் ஆய்வுக்கூடத்தில் நச்சைக் கண்டுபிடித்தது. தடை வந்தது, உரிமம் ரத்தானது, உரிமையாளர் கைதானார். பேட்ச் நம்பர் இல்லாத ஒரு பொடியால் இதே சாவு நேர்ந்திருந்தால் எங்கே போய்த் தேடியிருப்போம்?

செலவைச் சொல்கிறார்கள். சிறு வைத்தியர், குடும்பத் தொழிலாகச் சூரணம் இடிப்பவர், ஒவ்வொரு தடவையும் ஆயிரக்கணக்கில் கட்டிச் சோதிக்க முடியுமா? முடியாது. சோதனை வேண்டும் என்பவர்கள் இதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் பெரிய கம்பெனிகள் மட்டும் மிஞ்சும். என் பதில், இந்தச் செலவு அரசுடையது. குடிநீரைச் சோதிக்கக் குடும்பம் குடும்பமாகவா காசு வாங்குகிறோம்? அரும்பாக்கத்தில் மத்திய அரசின் சித்த ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. டாம்ப்கால் என்ற அரசு மூலிகை நிறுவனம் 1983 முதல் இருக்கிறது. கருவியும் படித்தவர்களும் நம்மிடம் உண்டு.

தரமில்லாத ஆங்கில மருந்துகளின் பட்டியலை மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மாதந்தோறும் கம்பெனி பெயரோடும் பேட்ச் நம்பரோடும் வெளியிடுகிறது. நாட்டு மருந்துக்கும் அதே வேண்டும். மாதம் ஒருமுறை தேரடியிலும் ராயபுரத்திலும் எண்ணூரிலும் உள்ள கடைகளில் மாதிரி எடுங்கள். கீழாநெல்லியா, வேறா, ஈயம் எவ்வளவு, ஸ்டீராய்டு உண்டா, இல்லையா என்று பாருங்கள். சிறு வைத்தியரிடம் காசு வாங்காமல் பாருங்கள். முடிவைத் தமிழில் எழுதி மண்டல அலுவலகத்திலும் அரசு மருத்துவமனைச் சித்தப் பிரிவின் வாசலிலும் ஒட்டுங்கள். சரியான சரக்கு விற்கும் கடையின் பெயரை முதலில் போடுங்கள். 25 கடைகளில் 19 கடை சரியாக விற்ற ஊர்கள் நம்முடையவை, அந்தப் பெயர்கள் வெளியே வருவதில் அவர்களுக்கு லாபமே. திருவொற்றியூரிலிருந்து மெட்ரோவில் ஏறி சென்ட்ரலில் ஒரு முறை மாறினால் அரும்பாக்கம் வந்துவிடும். ஒரு பொட்டலம் அந்தத் தூரம் போய் வர யாருடைய அனுமதிக்குக் காத்திருக்கிறது?